‘உடை’ என்றால் என்ன? சிறு குழந்தைகளுக்குச் சொல்லித்தருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு வினைச்சொல்லைப் புரியவைக்க முயலும் பெற்றோரும் மழலையர் வகுப்பு ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ‘உடை’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டோம். வீட்டில் தினமும் காதில் விழுகிற சொல், கையால் செய்துகாட்டக் கூடிய சொல். அதோடு அதன் பக்கத்திலேயே கிழி, ஒடி, அறு, பிய், நொறுக்கு என்று ஒரு கூட்டமே நிற்கிறது. குழந்தை தடுமாறுவது அந்தக் கூட்டத்தில்தான். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

மூணு வயசுப் பிள்ளை “உடையறதுன்னா என்ன?”ன்னு கேட்டா ஒரே வரியில என்ன சொல்றது?

“கெட்டியா, முழுசா இருந்தது துண்டாப் போறது.” இதற்கு மேல் வேண்டாம். இந்த வரியில் மூன்று செய்திகள் இருக்கின்றன: முதலில் முழுசாக இருந்தது, தொட்டால் கெட்டியாக இருந்தது, இப்போது துண்டாகிவிட்டது. மூன்றையும் குழந்தை கண்ணால் பார்க்க முடியும், கையால் தொட முடியும்.

‘சேதமடைவது’, ‘பிளவுபடுவது’ என்றெல்லாம் சொன்னால், தெரியாத ஒரு சொல்லை விளக்கத் தெரியாத இன்னொரு சொல்லைக் கொண்டுவந்ததாகிவிடும். ‘கெட்டுப் போறது’ என்றும் சொல்லாதீர்கள். அது வேறு சங்கதி, டிவி பற்றிய கேள்வியில் வருகிறது.

செஞ்சு காட்டணும்னு சொல்றாங்க. எதை உடைச்சுக் காட்டுறது?

உடனே வேண்டுமென்றால் ஒரு முழு சாக்பீஸ் போதும். நேரம் இருந்தால் களிமண் அதைவிட நல்லது. ‘கெட்டி’ என்பதன் வித்தியாசம் ஒரே பொருளிலேயே தெரிந்துவிடும். குழந்தையின் கைப்பிடி அளவுக்கு மூன்று உருண்டை எடுங்கள். இரண்டை அரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாகத் தட்டி நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். மூன்றாவதை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காட்டும் நாளில் முதலில் ஈர உருண்டையைக் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். அது நீளும், பிறகு பிய்யும், உடையாது. அடுத்து காய்ந்த வில்லையைக் கொடுங்கள். வளைக்கப் பார்த்தால் வளையாது, ‘டக்’கென்று இரண்டாகும். இன்னொரு வில்லை கைவசம் இருக்கும். குழந்தை கட்டாயம் “இன்னொரு தடவை” என்று கேட்கும்.

வில்லை தடிமனாக இருந்தால் நடுவில் ஈரம் நின்று, உடைவதற்குப் பதில் வளைந்து பிய்ந்துவிடும். வெயிலில் வைத்தால் அவசரமாகக் காய்ந்து முன்பே விரிசல் விட்டிருக்கும். அப்போது ‘முழுசா இருந்தது’ என்ற பாதி போய்விடுகிறது. எண்ணெய் கலந்த வண்ணக் களிமண் காயவே காயாது என்பதால் இதற்கு உதவாது. கண்ணாடி, பீங்கான் பக்கமே போக வேண்டாம்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் துண்டுகளின் அளவைக் கவனியுங்கள். விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 3.17 செ.மீ. அதற்குள் அடங்குகிற துண்டு தொண்டையில் சிக்கக் கூடியது. உடைத்ததும் துண்டுகளைச் சேர்ந்தே எண்ணிப் பொறுக்குங்கள். எண்ணுவதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

உடைக்கும்போது சொல்லணுமா, உடைச்ச அப்புறம் சொல்லணுமா?

உடைப்பதற்கு முன். “இப்ப உடையப் போகுது பார்” என்று சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு உடையுங்கள். மைக்கேல் டொமசெல்லோவும் ஆன் குரூகரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், செயல் நடக்கப்போகும் தருணத்தில் வினைச்சொல்லைக் கேட்ட இரண்டு வயதுக் குழந்தைகள்தான் அதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

காரணம் யோசித்தால் புரிந்துவிடும். பந்தோ பெட்டியோ நாம் பெயர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே இருக்கும். உடைவதோ அரை நொடியில் முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகு “உடைஞ்சிடுச்சு” என்றால், குழந்தையின் கண் துண்டின் மேல் இருக்கிறது. துண்டுக்குத்தான் அந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். முன்பே சொன்னால் அந்தச் சொல்லுக்காகக் கண் காத்திருக்கிறது. முன்னால் ஒரு முறை, உடைந்ததும் ஒரு முறை: “உடையப் போகுது… டக்… உடைஞ்சிடுச்சு!” ஒரு வேளைக்கு மூன்று பொருள், ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் பாடம் மறந்து, உடைக்கிற குஷி மட்டும் மிஞ்சும்.

படம் போட்ட அட்டை இருக்கு, வீடியோ இருக்கு. அது போதாதா?

ஒற்றைப் படத்தில் வினை தெரியாது. உடைந்த கோப்பையின் படம் கோப்பையைக் காட்டும், துண்டைக் காட்டும், உடைவதைக் காட்டாது. அட்டைதான் வேண்டுமென்றால் இரண்டிரண்டாக வையுங்கள்: முழுக் கோப்பை ஒன்று, உடைந்த கோப்பை ஒன்று. “இது எப்படி இப்படி ஆச்சு?” என்று நடுவில் விரல் வைத்துக் கேளுங்கள். வினை இருப்பது அந்த இடைவெளியில்.

வீடியோவைப் பொறுத்தவரை வயது முக்கியம். 2009-இல் வந்த ஓர் ஆய்வில் மூன்று வயது நிரம்பிய குழந்தைகளால் வீடியோவை மட்டும் பார்த்துப் புது வினைச்சொல்லைக் கற்க முடிந்தது. 30 முதல் 35 மாதக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் செய்துகாட்டிப் பேச வேண்டியிருந்தது.

பேப்பரைக் கிழிச்சுட்டு “உடைச்சுட்டேன்”ங்கிறான். நூல் அறுந்தாலும் “உடைஞ்சுபோச்சு”தான். திருத்தணுமா?

“தப்பு” என்று சொல்லித் திருத்த வேண்டாம். ‘முழுசா இருந்தது இப்ப முழுசா இல்லை’ என்ற பொதுக் கருத்தை அவன் சரியாகவே பிடித்துவிட்டான். எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்ற பங்கீடுதான் பாக்கி. அது மொழிக்கு மொழி மாறுகிற பங்கீடு. இந்தியில் ‘தோட்னா’ என்ற ஒரே வினை கண்ணாடிக்கும் நூலுக்கும் பூவைப் பறிப்பதற்கும் வந்துவிடும். தமிழில் கண்ணாடி உடையும், நூல் அறும், பூவைப் பறிப்போம். 61 சிறு வீடியோக்களைக் காட்டி, 28 மொழிக்காரர்களிடம் “இதை என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேட்ட ஒரு பெரிய ஒப்பீடு 2007-இல் வந்தது. தமிழும் அதில் இருந்தது. வெட்டுவதையும் உடைப்பதையும் மொழிகள் எல்லாம் ஒரே இடத்தில் கோடு போட்டுப் பிரிப்பதில்லை என்பது அதில் தெளிவாகவே தெரிந்தது. ஆகவே உங்கள் பிள்ளை பிழை செய்யவில்லை, இன்னும் கோடு போட்டு முடிக்கவில்லை.

செய்ய வேண்டியது, சரியான சொல்லோடு திருப்பிச் சொல்வது. “பேப்பரை உடைச்சுட்டேன்” என்றால், “ஓ, பேப்பரைக் கிழிச்சுட்டியா? சர்ர்ருன்னு கிழிஞ்சுதா?” அவ்வளவுதான், மேலே பேச்சைத் தொடருங்கள். அந்தச் ‘சர்ர்’ சும்மா அழகுக்கு இல்லை. ஒலியும் செயலும் பொருந்தி வரும் சொற்களை மூன்று வயதுக் குழந்தைகள் எளிதாகப் பிடித்துக்கொண்டு புது இடத்திலும் பொருத்துகிறார்கள் என்று ஜப்பானியக் குழந்தைகளிடம் செய்த 2008 ஆய்வு காட்டியது. தமிழில் ஒலிக்குறிப்புக்குப் பஞ்சமா என்ன? உடைந்தால் ‘டக்’, கிழிந்தால் ‘சர்ர்’, அறுந்தால் ‘பட்’, ஒடிந்தால் ‘மடக்’.

ஒரே நாளில் இரண்டு சொல்லுக்கு மேல் எதிரெதிராக வைக்காதீர்கள். முதலில் உடை–கிழி, அதாவது சாக்பீஸும் காகிதமும். அது பிடிபட்ட பிறகு நூலை எடுத்து ‘அறு’. பிறகு பஞ்சை எடுத்து ‘பிய்’. ‘நொறுக்கு’ எளிது, ஏற்கெனவே உடைந்த களிமண் துண்டைக் கல்லால் தட்டிப் பொடித்துண்டாக்கினால் போதும். ‘ஒடி’யைக் கடைசியில் வையுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

ஒடியறதுக்கும் உடையறதுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கே சரியாச் சொல்லத் தெரியலை.

நீளமாக, ஒல்லியாக இருப்பதை வளைத்து இரண்டாக்கினால் ஒடிவது: குச்சி, கிளை, காம்பு. பானை ஒடியாது, கண்ணாடி ஒடியாது. குச்சியை ‘உடைச்சான்’ என்றாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் பானையை ‘ஒடிச்சான்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘உடை’ அகலமான சொல், ‘ஒடி’ குறுகலானது. பென்சிலை வைத்தே மூன்றைக் காட்டிவிடலாம்: எழுதி எழுதி முனை மழுங்கும், அழுத்தினால் முனை உடையும், பென்சிலையே வளைத்தால் ஒடியும்.

காதுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேச்சில் முதல் எழுத்து உகரமாக இருந்து அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால், உகரம் ஒகரமாகிவிடும். உடம்பு ‘ஒடம்பு’, உதடு ‘ஒதடு’, அதே போல உடை ‘ஒடை’. ஆக, வீட்டில் குழந்தை கேட்பது ‘ஒடைஞ்சுது’, ‘ஒடிஞ்சுது’. இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிரொலிதான் வித்தியாசம். நான்கு வயதில் இதைக் குழப்பாவிட்டால்தான் ஆச்சரியம். எழுதப் பழகும்போது ‘ஒடை’ என்று எழுதினால் அதுவும் காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியதுதான். “பேசும்போது ஒடை, எழுதும்போது உடை, ஒடம்பு–உடம்பு மாதிரி” என்று ஒரு முறை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

“கப்பை உடைஞ்சுட்டேன்”, “கப் உடைச்சிடுச்சு”ன்னு மாத்தி மாத்திப் பேசுறா. இலக்கணம் சொல்லித் தரணுமா?

இலக்கணப் பெயர்களைச் சொல்லித் தர வேண்டாம், ஒலியைக் காட்டினால் போதும். தானாக நடந்ததற்கு மூக்கொலி வருகிறது, ஒருவர் செய்ததற்கு அழுத்தமான ஒலி வருகிறது: உடைந்தது–உடைத்தான், கிழிந்தது–கிழித்தான், ஒடிந்தது–ஒடித்தான், அறுந்தது–அறுத்தான். பேச்சில் ‘ஞ்ச’, ‘ச்ச’: உடைஞ்சுது–உடைச்சான், கிழிஞ்சுது–கிழிச்சான். அறு மட்டும் பேச்சிலும் ‘ந்த’, ‘த்த’ என்றே நிற்கும். இனி நடக்கப்போவதிலும் இதே கதை: உடையும்–உடைப்பான். இத்தனை ஒழுங்காக இருப்பதால் குழந்தை ஒரு சோடியைப் பிடித்துவிட்டால் மற்றவை தானே வரும்.

பயிற்சிக்கு ஒரே பொருளை இரண்டு விதமாகக் காட்டுங்கள். சாக்பீஸை மேசை விளிம்பிலிருந்து உருண்டு விழவிடுங்கள்: “சாக்பீஸ் உடைஞ்சுது.” இன்னொன்றைக் கையால் உடையுங்கள்: “சாக்பீஸை உடைச்சேன்.” அந்த ‘ஐ’யைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். ‘வெட்டு’ என்ற சொல்லை இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள், அதற்கு இப்படித் தானாக நடக்கும் சோடி கிடையாது. ‘காகிதம் வெட்டுச்சு’ என்று சொல்ல முடியாது. குழந்தை சொல்லிப் பார்க்கும், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

அவனேதான் போட்டு உடைச்சான். கேட்டா “உடைஞ்சுபோச்சு”ங்கிறான். பொய் சொல்றானா?

மூன்று வயதில் பெரும்பாலும் இல்லை. கண்ணெதிரே இருப்பது துண்டு, அதைத்தான் சொல்கிறான். ஐந்து வயதில் கேட்டால் கொஞ்சம் சந்தேகப்படலாம். ‘உடைஞ்சுபோச்சு’ என்ற வாக்கியத்தில் செய்தவருக்கு இடமே இல்லை, ஒளிந்துகொள்ள வசதியான வாக்கியம். பெரியவர்களும் அதற்காகவே பயன்படுத்துகிறோம்.

“யாரு உடைச்சா?” என்று கேட்பதைவிட “எப்படி உடைஞ்சுது?” என்று கேளுங்கள். பிறகு அவன் சொன்னதற்கு ஏற்ற வாக்கியத்தை எடுத்துக்கொடுங்கள். தமிழில் இதற்குப் படிப்படியாகச் சொல் இருக்கிறது: தானா உடைஞ்சுது, கை பட்டு உடைஞ்சிடுச்சு, உடைச்சுட்டேன், வேணும்னே உடைச்சேன். இரண்டாவது படி ரொம்பப் பேருக்குத் தேவைப்படுவது. ‘கை பட்டு’ என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கு, முழுப் பழியை ஏற்பது அல்லது முழுக்க ஒளிவது என்று இரண்டே வழிதான் இருக்கிறது.

சோப்புக் குமிழி கெட்டியாவே இல்லையே, அது எப்படி உடையுது? முதல் பதில் தப்பாயிடுச்சே!

நல்ல கேள்வி. பெரியவர்களைவிடக் குழந்தைகள்தான் இதை முதலில் கேட்கிறார்கள். ‘உடை’க்கு இரண்டாவது பொருள் ஒன்று இருக்கிறது: உள்ளே எதையோ அடைத்து வைத்திருக்கும் தோலோ சுவரோ கரையோ விட்டுப்போய், உள்ளே இருந்தது வெளியே வருவது. குமிழி உடைகிறது, காற்று போகிறது. ஏரிக்கரை உடைகிறது, தண்ணீர் வருகிறது. புண்கட்டி உடைகிறது. இங்கே கெட்டி என்பது கணக்கே இல்லை, துண்டையும் தேட வேண்டாம். ‘இத்தனை நேரம் தாங்கிட்டிருந்தது, இப்ப தாங்கலை’ என்பதுதான் கணக்கு. பலூனுக்கு ‘உடைஞ்சுது’, ‘வெடிச்சுது’ இரண்டும் சரி.

மூன்று வயதில் இதை விளக்க வேண்டாம், குமிழி ஊதும்போது சொல்லைப் பயன்படுத்துங்கள், போதும். கேள்வி வந்தால் மட்டும், “உள்ளே இருந்த காத்து வெளியே வந்துடுச்சு, அதையும் உடையறதுன்னு சொல்வோம்” என்று சொல்லுங்கள்.

பிளாக் கோபுரம் சரிஞ்சா அது உடைஞ்சதா? விரிசல் விட்ட கப் உடைஞ்ச கப்பா?

கோபுரத்துக்கு ஒரு சோதனை: கீழே கிடக்கும் ஒவ்வொரு கட்டையும் முழுசாக இருக்கிறதா? இருந்தால் கோபுரம் சரிந்தது, கலைந்தது, இடிந்தது என்று சொல்லலாம், உடைந்தது என்று சொல்ல முடியாது. மறுபடி அடுக்கலாம். சாக்பீஸை அடுக்க முடியாது, ஒட்டத்தான் வேண்டும். ‘பிரி’, ‘கழற்று’ இரண்டுக்கும் இதே சோதனை செல்லும். ஆனால் குழந்தை கஷ்டப்பட்டுக் கட்டிய கோபுரத்தைத் தம்பி தட்டிவிட்டு, அவள் “உடைச்சுட்டான்!” என்று அழும்போது இந்தச் சோதனையை நடத்தாதீர்கள். அந்த நேரத்தில் அவள் சொல்வது சரிதான்.

விரிசல் விட்ட கோப்பை உடைந்ததில்லை, உடையப் போவது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் ‘ஓரம் உடைஞ்சிருக்கு’ என்போம்.

எங்க பிள்ளைங்க இங்கிலீஷ் மீடியம். டிவி ஓடலைன்னாலும் “உடைஞ்சுபோச்சு”ங்கிறாங்க.

ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்பது ஓடாத இயந்திரத்துக்கும் வரும், அதை அப்படியே தூக்கித் தமிழில் வைக்கிறார்கள். தமிழில் ஓடாத டிவி கெட்டுப்போனது, ரிப்பேரானது, பழுதானது. டிவி உடைந்தது என்றால் கீழே விழுந்து துண்டாகிவிட்டது என்று பதறுவோம். அதையே வேடிக்கையாக வைத்துக்கொள்ளலாம்: “ஐயோ, உடைஞ்சுபோச்சா? எத்தனை துண்டு?” ஒன்றிரண்டு முறை சிரித்தால் போதும், சொல் மாறிவிடும்.

“உடை மாத்திக்கோ”ன்னு புத்தகத்துல வருது. எதை உடைக்கணும்னு கேட்கிறான்.

துணி என்ற பொருளில் வரும் ‘உடை’ வேறு சொல், எழுத்தும் ஒலியும் மட்டும் ஒன்று. பேச்சில் நாம் துணி, சட்டை என்றுதான் சொல்கிறோம், ஆகவே இந்தக் குழப்பம் வாசிக்கத் தொடங்கும்போதுதான் வரும். “இது போட்டுக்கிற உடை, அது துண்டாப் போற உடை” என்று ஒரு வரி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

“மனசு உடைஞ்சுபோச்சு”, “விஷயத்தைப் போட்டு உடைச்சுட்டான்” இதையெல்லாம் எப்பச் சொல்லித் தரலாம்?

வலிந்து சொல்லித்தர வேண்டாம், காதில் விழுந்து கேட்கும்போது சொல்லுங்கள். பொதுவாக ஐந்தாறு வயதில் கேட்பார்கள். முதல் இரண்டு பொருளும் உறுதியாகிவிட்டால் இவை எளிது. மனசு உடைவதில் ‘முழுசா இருந்தது இப்ப இல்லை’ என்ற முதல் பொருள் இருக்கிறது. கட்சி உடைவதும் அதே. ரகசியத்தைப் போட்டு உடைப்பதில் குமிழிப் பொருள் இருக்கிறது, மூடி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் ‘உடை’ போட முடியாது என்பதையும் காட்டுங்கள். சாதனையை முறியடிப்பார்கள், சொன்ன சொல்லை மீறுவார்கள், சோம்பலை முறிப்பார்கள். ‘சாதனையை உடைத்தார்’ என்று இப்போது செய்திகளிலேயே வருகிறது. ஆங்கிலத்தின் நிழல் அது, வீட்டிலாவது தவிர்க்கலாம்.

புரிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? “உடைன்னா என்ன?”ன்னு கேட்டா முழிக்கிறான்.

விளக்கம் கேட்காதீர்கள், பெரியவர்களே முழிப்போம். காட்டாத பொருள்களை வைத்துச் சோதியுங்கள். ஸ்பூன், பழைய கிரேயான், கைக்குட்டை, ரப்பர் பேண்ட் நான்கையும் வைத்து “இதுல எது உடையும்?” என்று கேளுங்கள். கிரேயானை எடுத்தால் பாதி தேறிவிட்டான். “ஸ்பூன் கெட்டியாத்தானே இருக்கு, அது ஏன் உடையாது?” என்று அடுத்துக் கேளுங்கள். “அது வளையும்” என்றோ, சும்மா வளைக்கிற மாதிரி கையைக் காட்டினாலோ, களிமண்ணில் காட்டியது மனதில் நின்றிருக்கிறது.

இன்னொரு வழி, நீங்களே தப்பாகச் சொல்வது. கைக்குட்டையை இழுத்துப் பிடித்து “ஐயையோ, இது உடையப் போகுது!” என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொள்ளுங்கள். புரிந்த குழந்தை சிரிக்கும், அல்லது “கிழியும்!” என்று கத்தும். புரியாத குழந்தை காத்திருந்து பார்க்கும். அப்படி என்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி சாக்பீஸையும் காகிதத்தையும் எடுங்கள்.